கிட்னி டாக்டர் பாஸான பிறகு என்ன படிக்கிறார்?

நாகர்கோவிலில் ஒரு கிட்னி டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது அவர் டிஎம் (எம்டிக்கு மேல் படிக்கும் சிறப்புப் பட்டம்) முடித்தவரா, எங்கே முடித்தார், திருவனந்தபுரத்திலா சென்னையிலா வேலூரிலா என்பதைத்தான். போர்டில் பேருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் பார்த்ததும் மனசு சமாதானமாகிவிடும். அந்தப் பட்டம் 2008-இல் வாங்கியதா 2021-இல் வாங்கியதா என்று யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் பழைய ஆளுக்குத்தான் அனுபவம் கூடுதல் என்று அவர் பக்கமே சாய்வோம். அனுபவம் பெரிய விஷயம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் சிறுநீரக மருத்துவம் சமீபத்தில் மாறியிருக்கிற வேகத்துக்கு, பட்டம் வாங்கியபின் அவர் என்ன படித்தார், எப்படிப் படித்தார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

ஏன் என்று பார்ப்போம். சர்க்கரை நோயால் கெட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தைக் காப்பாற்ற, 2001-இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் பலத்தில், ஏஆர்பி வகை ரத்தக்கொதிப்பு மாத்திரைகளைக் கொடுத்து வந்தார்கள். லோசார்டான், இர்பிசார்டான் என்று மருந்துச் சீட்டில் பார்த்திருப்பீர்கள். அதன்பிறகு 18 வருடம் பெரிதாக ஒன்றும் வரவில்லை, வந்தவையும் ஆய்வில் தோற்றன. 2012-இல் டிஎம் முடித்த ஒருவர் படித்தது அவ்வளவுதான், அது அவர் தப்பில்லை. அப்புறம் 2019-இல் கானாகிளிஃப்ளோசின், 2020-இல் டாபாகிளிஃப்ளோசின், அதே வருடம் ஃபினெரினோன், 2022-இல் எம்பாகிளிஃப்ளோசின், 2024-இல் செமாகுளூடைடு என்று வரிசையாகப் புது மருந்துகளின் ஆய்வு முடிவுகள் வந்து விழுந்தன. டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிக்கும் பலன் தருகிறது என்று தெரிந்தது. அதன் முதல் காப்புரிமையும் இந்தியாவில் 2020-இல் முடிந்து விலை இறங்கிவிட்டது, ஆக தக்கலையில் இருக்கும் ஒரு கடையிலும் சாதாரண விலைக்குக் கிடைக்கும் மருந்து அது. 2021-இல், ரத்தத்திலுள்ள கிரியாட்டினின் என்ற கழிவை வைத்து ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அளவைக் கணக்கிடும் சூத்திரமே மாறியது. உலக அளவில் சிறுநீரக நோய்க்கு வழிகாட்டுதல் எழுதும் கேடிகோ அமைப்பு 2012-இல் போட்ட நாள்பட்ட சிறுநீரக நோய் வழிகாட்டுதலை 2024-இல்தான் முழுசாகப் புதுப்பித்தது. பழைய சரக்கை வைத்து ஒருவர் இன்றைக்கும் வைத்தியம் பார்க்கலாம், சட்டப்படி யாரும் தடுக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2002-ஆம் வருட மருத்துவ நெறிமுறை விதிகளின்படி ஒரு மருத்துவர் 5 வருடத்தில் 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களில் கலந்துகொள்ள வேண்டும். டாக்டர்கள் வாயில் அது சிஎம்இ. மாநில மருத்துவ கவுன்சில்கள் கூட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று அங்கீகாரம் கொடுக்கும், போனவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். வருடத்துக்கு 6 மணி நேரம் வருகிறது. அந்த 6 மணியில் அவர் கேட்டாரா, தூங்கினாரா, வெளியே நின்று போன் பேசினாரா என்று பார்க்க எந்த ஏற்பாடும் கிடையாது. கேள்வித்தாளும் கிடையாது. என் ஆதங்கமே இங்கேதான். பட்டம் வாங்கும்வரை மருத்துவரைக் கேள்வியாலேயே வறுத்தெடுக்கிற நாடு, வாங்கின மறுநாளிலிருந்து கேள்வி கேட்பதை அடியோடு விட்டுவிடுகிறது.

வறுத்தெடுப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். எம்பிபிஎஸ் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம், பொது மருத்துவத்தில் எம்டி 3 வருடம், அதன்பிறகு நீட் எஸ்எஸ் என்ற நுழைவுத்தேர்வு எழுதி, நெப்ராலஜியில் (சிறுநீரக மருத்துவத்தில்) டிஎம்மோ அதற்கு இணையான டிஆர்என்பியோ இன்னொரு 3 வருடம். இடையில் ஒரு வருடமும் வீணாகாமல் போனால் பதினொன்றரை வருடம், ஆனால் யாருக்கும் அப்படிப் போவதில்லை. நீட் எஸ்எஸ்ஸில் 150 கேள்வி, 150 நிமிடம், சரியானதற்கு 4 மதிப்பெண், தப்புக்கு 1 போகும். வேடிக்கை என்னவென்றால் முன்பு இந்தத் தேர்வில் 60 சதவீதக் கேள்விகள் சேரப்போகும் சிறப்புத் துறையிலிருந்து வரும், மீதி 40 பொது மருத்துவம். 2021-இல் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மொத்தத்தையும் பொது மருத்துவத்திலிருந்தே கேட்போம் என்று மாற்றினார்கள். மாணவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள், நீதிபதிகள் கடுமையாகவே கடிந்துகொண்டார்கள், அந்த வருடம் பழைய முறையிலேயே தேர்வு நடந்தது, புது முறை 2022-க்குத் தள்ளிப்போனது. இப்போது நடப்பது புது முறைதான். அதாவது சிறுநீரகத் துறைக்கு வரப்போகிறவர் சிறுநீரகத்தைத் தனியாகப் படித்து வரவேண்டியதில்லை, இதயம் நரம்பு குடல் எல்லாவற்றோடும் அதுவும் ஒரு அத்தியாயம். ரேங்க் எங்கே விழுகிறதோ அங்கே துறை. இதயத்துக்கும் குடலுக்கும் முதல் ரேங்குகள் போனபின் நெப்ராலஜிக்கு வருகிறவர்களும் உண்டு. வந்தபின் துறையின் மேல் பிரியம் வந்துவிடுகிறது என்பார்கள், நம்புவோம்.

அரசு வேலையில் இருக்கும் டாக்டர்களுக்கு இதில் ஒரு தனிக் கதவு இருக்கிறது. தமிழக அரசு 2020 நவம்பரில் அரசாணை போட்டு, அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்புப் படிப்பில் 50 சதவீத இடத்தைப் பணியில் இருப்பவர்களுக்கு ஒதுக்கியது. உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் அதை நடைமுறைப்படுத்த அனுமதித்தது. கன்னியாகுமரி மாதிரி கடைக்கோடி மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமில்லை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ குழித்துறை, பத்மநாபபுரம் அரசு மருத்துவமனைகளிலோ வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர், டிஎம் முடித்து மறுபடி அரசு மருத்துவமனைக்கே வர வாய்ப்பு அதிகம். அவருடைய சிக்கல் நேரம்தான். பகல் முழுக்க ஓபி, வாரத்தில் சில இரவு டியூட்டி, அப்புறம் வீடு, பிள்ளைகள். கோச்சிங் ஆப்பில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும், இவர் கண் சொருகிக்கொண்டிருப்பார்.

வீடியோ பார்ப்பது படிப்பு மாதிரியே தோன்றும். 2006-இல் அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் இதை அழகாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு கூட்டம், ஒருமுறை படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு கூட்டம். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ், மூடிவைத்து எழுதினவர்கள் முந்திவிட்டார்கள். நம் ஊரில் பத்தாம் வகுப்புக்கு அம்மாக்கள் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு "ஒப்பிச்சுக் காட்டு" என்பார்களே, அறிவியல் கடைசியில் அவர்கள் பக்கம்தான் சேர்ந்தது. ஆகவே டியூட்டி முடிந்து ஒரு மணி நேரம்தான் மிச்சம் என்றால், அதில் 20 கேள்விகளைப் போட்டுப் பார்த்து, தப்பானதற்கு மட்டும் வழிகாட்டுதலைத் திறந்து படிப்பது இரண்டு வீடியோவைவிட மேல். கேடிகோ வழிகாட்டுதல்கள் எல்லாம் இணையத்தில் இலவசம். அமெரிக்க சிறுநீரகவியல் சங்கம் சுயதேர்வுக் கேள்வித் தொகுப்புகளை வருடக்கணக்காக வெளியிட்டு வருகிறது.

பட்டத்துக்குப் பிந்தைய படிப்புக்கும் இதே கதைதான். சிஎம்இ கூட்டங்களால் டாக்டர்களின் நடைமுறை எவ்வளவு மாறுகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு பல ஆய்வுகளைத் திரட்டி 2009-இல் கணக்குப் பார்த்தது. சராசரியாக 6 சதவீதப் புள்ளி அளவுக்கு முன்னேற்றம். இல்லை என்று சொல்ல முடியாது, ஆகா என்றும் சொல்ல முடியாது. விரிவுரையோடு கலந்துரையாடலும் சேர்ந்த கூட்டங்களில் பலன் கொஞ்சம் கூடத் தெரிந்தது.

அமெரிக்காவில் 10 வருடத்துக்கு ஒரு முறை பெரிய மறுதேர்வு வைத்திருந்தார்கள். டாக்டர்கள் அதைத் திட்டித் தீர்த்தார்கள். 2022-லிருந்து அதற்குப் பதிலாக இன்னொரு வழியையும் திறந்தார்கள்: மூன்று மாதத்துக்கு 30 கேள்வி, வீட்டிலிருந்தே, கேள்விக்கு 4 நிமிடம், புத்தகத்தைப் பார்க்கலாம், இன்னொரு ஆளிடம் மட்டும் கேட்கக்கூடாது. இப்படி 5 வருடம் ஓடும். பதில் போட்டதும் சரியா தப்பா, ஏன் என்று விளக்கம் வந்துவிடும். இதையும் அங்கே திட்டுகிறார்கள், கட்டணம் வேறு. ஆனாலும் 5 வருடத்தில் 600 கேள்வி ஒருவர் முன்னால் வந்து நிற்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். பிரிட்டனில் சிறுநீரகப் பயிற்சியின் பிற்பகுதியில் 200 கேள்வி கொண்ட தேர்வு, 3 மணி நேரத் தாள்கள் இரண்டு. நம் டிஎம் இறுதித் தேர்வு இன்னொரு ஜாதி. கட்டுரை விடை, நோயாளியைப் பார்த்துச் சொல்லும் கேஸ், பயாப்சி ஸ்லைடு, நேர்முகம். தேர்வாளர் மனசு வைத்தால் அந்த நேர்முகம் வாழ்க்கைக்கும் மறக்காத பாடமாகும். அதுதான் கடைசிக் கேள்வி என்பதுதான் குறை.

சரி, இங்கே சிஎம்இ எப்படி நடக்கிறது? நாகர்கோவிலிலோ கன்னியாகுமரியிலோ ஒரு ஹோட்டல் ஹால், மாலை 7 மணி, ஒரு மருந்து கம்பெனியின் பேனர், வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய டாக்டர், 40 ஸ்லைடு, கேள்வி நேரத்துக்குள் சாப்பாட்டு மணம் வந்துவிடும். பேசுகிறவர்கள் பலரும் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள், குறை அவர்களிடம் இல்லை. ஆனால் தலைப்பை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள். புது மாத்திரைக்குக் கூட்டம் போட ஆள் இருக்கிறது. ரத்தத்தில் அமிலம் கூடினவருக்குக் கொடுக்கும் சோடா மாத்திரையைப் பற்றிப் பேச எந்த கம்பெனிக்கு என்ன ஆதாயம்? 2023 ஆகஸ்ட் 2-ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம், கம்பெனி பணத்தில் நடக்கும் கூட்டங்களுக்கு டாக்டர்கள் போகக்கூடாது என்று விதி போட்டது. அதே மாதம் 23-ஆம் தேதி அந்த விதிகளை நிறுத்தியும் வைத்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு மருந்து கம்பெனிகளுக்கான சந்தைப்படுத்தல் நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி கூட்டத்தை வெளிநாட்டில் நடத்தக்கூடாது, செலவுக் கணக்கைக் காட்டவேண்டும். உள்ளூர் ஹாலும் பேனரும் அப்படியேதான் இருக்கின்றன.

கம்பெனியும் பேசாத, வெளிநாட்டுக் கேள்வி வங்கியிலும் இல்லாத ஒரு பாடத்திட்டம் இந்த மாவட்டத்துக்கு உண்டு. எனக்கு இதில்தான் அக்கறை.

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்களில் விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள். கீழே சருகு. அந்தச் சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் ஒரு சின்ன விரியன், மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியிருக்கும், டாக்டர்கள் ஹம்ப்நோஸ்டு பிட் வைப்பர் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் உரிய பாம்பு. ரொம்ப காலம் இது பெரிய ஆபத்தில்லை என்றே இந்தியாவில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2007-இல்தான் கேரளத்திலிருந்து, பாம்பை உறுதிசெய்து, உயிருக்கு ஆபத்தான கடிகளைப் பதிவுசெய்து கட்டுரை வந்தது. அதில் சில பாம்புகள் முதலில் சுருட்டை விரியன் என்று தப்பாக அடையாளம் காணப்பட்டிருந்தன. நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு பாம்புக்குத்தான் செய்யப்படுகிறது. இந்த ஐந்தாவது பாம்புக்கு அது வேலை செய்யாது.

இப்போது ஒரு கேள்வி எழுதிப் பார்க்கிறேன். ரப்பர் வெட்டும் 45 வயதுக்காரர், காலில் கடி, 20 நிமிடச் சோதனையில் ரத்தம் உறையவில்லை. 20 குப்பி விஷமுறிவு மருந்து போட்டாயிற்று. மறுநாளும் உறையவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது. அடுத்து என்ன? இன்னும் 10 குப்பி போடுவது, வேறு பாம்பாக இருக்குமோ என்று யோசித்து மருந்தை நிறுத்துவது, ரத்தப் படலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, டயாலிசிஸுக்கு ஆயத்தம் செய்வது. வெளியூர் பாடத்தை மட்டும் படித்தவர் முதலாவதைத் தொடுவார். மேலே மேலே போடப்படும் ஒவ்வொரு குப்பியிலும் ஒவ்வாமை அபாயம் இருக்கிறது, பலனோ இல்லை. இந்த ஊரை அறிந்தவர் மற்ற மூன்றையும் சேர்த்துச் செய்வார், சொந்தக்காரர் போனில் பாம்பின் படம் இருக்கிறதா என்றும் கேட்பார். (இதைப் படித்துவிட்டு யாரும் மருந்து வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். எந்தப் பாம்பு கடித்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான், மற்றது டாக்டர் முடிவு. பாம்பைப் பிடிக்கவும் போகவேண்டாம்.)

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். 28 வயதுப் பெண், கால் வீக்கம், சிறுநீரில் புரதம் கொட்டுகிறது. பயாப்சியில் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி, அதாவது சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடித்துப் புரதம் ஒழுகும் நோய். இந்த நோயில் வழக்கமாகக் காணும் பிஎல்ஏ2ஆர் என்ற புரதம் இல்லை, நெல்-1 என்ற புரதம் இருக்கிறது. இந்த நெல்-1 வகையே 2020-ஐ ஒட்டித்தான் விவரிக்கப்பட்டது. அமெரிக்க ஆய்வுகளில் அது புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்பட்டது, எனவே கேள்வி வங்கியில் விடை "புற்றுநோய் இருக்கிறதா என்று தேடு". 2022-இல் இந்தியாவிலிருந்து வந்த ஆய்வு, பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளைக் காட்டியது. அப்புறம் மலப்புறத்திலிருந்து இன்னொன்று: முகம் வெளுக்கும் க்ரீம்கள். ஆய்வில் நெல்-1 இருந்தவர்களில் பெரும்பாலானோர் அந்த க்ரீமைப் பூசியவர்கள். தேர்வு ஹாலில் புற்றுநோய் என்று எழுதுங்கள், மார்க் வரும். வார்டில் முதல் கேள்வி "முகத்துக்கு என்னம்மா போடுற?" என்பதாக இருக்கட்டும், இரண்டாவது "லேகியம், பஸ்பம் ஏதாவது?" புற்றுநோய்ச் சோதனையையும் விட்டுவிட வேண்டாம். க்ரீமை நிறுத்தினாலே பலருக்கு நோய் தணிந்துவிடுகிறது, எதிர்ப்பு சக்தியை அடக்கும் கடுமையான மருந்துகள் தேவைப்படாமல் போகலாம். வர்மமும் சித்தமும் வேரோடியிருக்கும் மாவட்டம் இது, கேரளக் கடைச் சரக்கு அன்றாடம் வந்துபோகும் எல்லை இது. இந்தக் கேள்வியை இங்கே கேட்காமல் எங்கே கேட்பது? கேட்கும்போது வைத்தியரைத் திட்டினால் நோயாளி வாயை மூடிக்கொள்வார், அதுவும் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதே வரிசையில் கேரளத்தில் இரும்பன்புளி என்று சொல்லும் பிலிம்பிக் காயையும் வைக்கலாம். கொலஸ்ட்ரால் குறையும் என்று அதைச் சாறாக்கிக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததை 2013-இல் கேரள மருத்துவர்கள் எழுதினார்கள். காயிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிகமாகிவிடுகிறது. பலருக்கு டயாலிசிஸ் வேண்டியிருந்தது, பிறகு தேறிவிட்டார்கள். மீன் குழம்பில் நாலு காய் போடுவதற்கும் ஒரு டம்ளர் சாறு குடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, குழம்பை யாரும் பயப்பட வேண்டாம்.

இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் நடைமுறைக் கேள்வி. பயாப்சி எடுத்தால் துண்டு பெரும்பாலும் வெளியூர் லேபுக்குப் போகிறது, ரிப்போர்ட் பிடிஎஃப்பாக வருகிறது, கடைசி வரியைப் படித்து மருந்து எழுதிவிடுகிறோம். ஸ்லைடின் படத்தைக் கேட்டு வாங்கி, ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன் நாமே ஒரு முடிவு எழுதிவைத்து, பிறகு ஒப்பிட்டால் அதுவே ஒரு தேர்வு. நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலி, திருவனந்தபுரம் டாக்டர்கள் மாதம் ஒரு மணி நேரம் போனிலோ ஜூமிலோ கூடி, ஆளுக்கு ஒரு கேஸைக் கேள்வியாக வைத்து, எல்லாரும் விடையை எழுதி அனுப்பினபின் மட்டுமே பேசத் தொடங்கலாம். பேனர் வேண்டாம், ஹால் வேண்டாம். மாநில கவுன்சில் இதற்குப் புள்ளி கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டாலும் நடத்தலாம். நேரம் பிடிப்பதுதான் கஷ்டம்: ஞாயிறு காலையில் சர்ச்சும் கல்யாணமும், வார நாள் மாலையில் க்ளினிக், மிஞ்சுவது இரவு ஒன்பதரை மணிக்கு மேல்.

அந்த ஒரு மணியில் டயாலிசிஸ் டெக்னீஷியன்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கும் நாலு பேருக்கு ஒரே வாரத்தில் ஹீமோகுளோபின் இறங்குகிறது, என்ன காரணம் என்று ஒரு கேள்வி போட்டால், டாக்டர்கள் இரும்புச் சத்து, ஊசி மருந்தின் அளவு என்று ஆரம்பிப்பார்கள். தண்ணீரில் குளோராமின் கூடி, கார்பன் ஃபில்டர் தேய்ந்துபோயிருந்தால் சிவப்பணுக்கள் உடையும் என்பது எல்லா நெப்ராலஜி தேர்விலும் வரக்கூடிய விடை. கோடையில் லாரித் தண்ணீர் வந்த நாளிலிருந்து குளோரின் சோதனை பார்க்கப்பட்டதா இல்லையா என்பது டெக்னீஷியனுக்குத்தான் தெரியும்.